திட்டில் ஒரு பகல்

கட்டுமாவடிக்கு வேலைக்குப் போன மூன்றாம் நாளே நான் அந்த அக்காவின் மீனை மிதித்துவிட்டேன்.

எனக்கு ஊர் இலுப்பூர். இருபத்து நாலு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. கட்டுமாவடிச் சுங்கச் சாவடியில் குமாஸ்தா வேலை கிடைத்து, தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கரை முழுக்க வெள்ளியாக ஏதோ மின்னியது. காரப்பொடி மீன் காய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் குறுக்கு வழியென்று செருப்புக் காலோடு அதன் மேல் நடந்துவிட்டேன். நாலு அடி வைத்த பிறகுதான் காலடியில் நொறுங்குவது கேட்டது. கறுத்து உயரமாக ஒரு அம்மாள் மீன்கூடையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். ஏதாவது சொல்வாரென்று நின்றேன். அவர் என் காலடித் தடங்களைப் பார்த்தார். நானும் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டேன்.

இருபது நாள் கழிந்திருக்கும். முந்தின இரவு பெய்த மழையில் ஆபீஸ் கூரை ஒழுகி, பதிவேட்டுத் தாள்கள் நனைந்துவிட்டன. அவற்றை வராந்தாவில் பரப்பிக் காயப்போட்டிருந்தேன். மேலதிகாரி வேறு அன்று பார்த்து வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கடலிலிருந்து நேரே வந்தார். முழங்கால்வரை சேறு. தாள்களின் மேலேயே நடந்து வந்து அதிகாரி முன்னால் நின்றார்.

“மணி என்னங்க சார்?”

அதிகாரி திகைத்துப்போய் மணியைச் சொன்னார். அக்கா வந்த வழியே திரும்பினார். வாசலில் நின்ற என் காதருகே வந்தபோது மெல்லிய குரலில் சொன்னார்:

“நாலு அடி. நீங்களும் நாலுதான் வச்சீங்க. மறந்திருப்பேன்னு நெனச்சீங்களா தம்பி?”

அதிகாரியிடம் அன்று நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. மறுநாள் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு? அதான் முடிஞ்சு போச்சே.” உண்மையிலேயே முடிந்துதான் போயிருந்தது. அந்த வருஷம் நான் காய்ச்சலில் விழுந்தபோது பதின்மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். சொந்த அக்காகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

கரையில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படியே. பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதப்பட வேண்டியது இன்னொருவர் பெயர் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

கருவாட்டு வியாபாரம் அவருக்கு. கட்டுமாவடியில் பெண்கள் கடலில் வத்தை தள்ளுவதில்லை. அந்த ஊரில் சின்னப் படகை வத்தை என்பார்கள். அக்காவிடம் சொந்த வத்தை இருந்தது. புருஷன் போனபின் அவரே கம்பு ஊன்றி, பாய் கட்டிக் கடலுக்குப் போனார். பெரியவர்கள் கூடி “பொம்பளை கடல்ல எறங்கினா மீன் படாது” என்றார்களாம். “அப்ப நான் திரும்பி வராம இருந்தா ஒங்களுக்கு நல்லதுதானே” என்று சொல்லிவிட்டுப் பாயை அவிழ்த்தாராம்.

ஏலக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில், மீன் கரையேறும் நேரத்தில், “முண்டச்சி மொகத்துல முழிச்சா வெளங்குமா, அங்கிட்டுத் தள்ளி நில்லு” என்று அக்காவின் கூடையைக் காலால் தண்ணீரில் தள்ளிவிட்டார். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு தள்ளியே நின்றார். ஒன்றரை வருஷம் தள்ளி நின்றார். பிறகு அந்த ஏலக்காரரின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பஸ் வந்து நிற்கிற இடத்தில், தலைமுழுகி, ஈரத் தலையோடு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நின்றார். வந்தவர்கள் அந்தப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு என்னக்கா பாவம் பண்ணுச்சு?”

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து ஜெகதாப்பட்டினத்திலிருந்து நல்ல பையன் ஒருவனை அவரே பேசி, அந்தப் பெண்ணுக்கு முடித்து வைத்தார். கல்யாணத்துக்கு மட்டும் போகவில்லை. “அப்பனுக்குக் குடுத்தது அப்பனோட. பொண்ணுக்கு நான் ஒண்ணும் குடுக்கல தம்பி” என்றார். அவரை எனக்குப் பிடித்தது. பயமாகவும் இருந்தது.

அவர் வீட்டுப் பக்கம் யாரும் கொட்டைப்பாக்கு கொண்டுபோகக் கூடாது. வெற்றிலை போடுகிறவர்கள் வாசலிலேயே துப்பிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏனென்று கரையிலிருந்தவர்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் நடந்தது அது. அக்காவின் புருஷன் தோணியில் வேலை பார்த்தார். வடக்கே ஒரு பெரிய துறைமுக ஊரில் இருந்த முதலாளி ஒருவருக்கு நாலு தோணிகள். இலங்கையிலிருந்து பாக்கு ஏற்றிக்கொண்டு வந்த தோணி ஒன்றில் அந்த முறை முதலாளியும் வந்தார். கட்டுமாவடிக்கு நேரே, இரண்டு மைல் உள்ளே, ஒரு மணல்திட்டு உண்டு. நூறு அடி நீளம். மரமோ செடியோ கிடையாது. அதன் ஓரத்தில் தோணி தரைதட்டிவிட்டது. நாலு பேர் குதித்துத் தள்ளினார்கள். தோணி மிதந்தது. மூன்று பேர் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். கடைசிவரை பின்பக்கம் தோள் கொடுத்துத் தள்ளிய அக்காவின் புருஷன் ஏறுவதற்குள் காற்று பாயில் நிறைந்து தோணி விலகிப் போய்விட்டது.

தோணி ஓட்டிய தண்டல் திருப்பலாம் என்றார். முதலாளி வேண்டாம் என்றார். மறுபடி தட்டினால் பாக்கு அத்தனையும் நனைந்துவிடும், பின்னால் வருகிற தோணி ஏற்றிக்கொள்ளும் என்றார். பின்னால் தோணி எதுவும் வரவில்லை. அன்று மாலையே கச்சான் காற்று எழுந்துவிட்டது. மழை கொண்டுவராத காற்று. கரையிலிருந்து கடலைப் பார்த்து மணலை வாரி அடிக்கிற காற்று. அதற்கு எதிராக நீந்தவும் முடியாது, படகு எடுத்தால் திரும்பவும் முடியாது. மூன்று நாள் ஊரில் ஒரு வத்தையும் இறங்கவில்லை. நாலாம் நாள் போனவர்கள்தான் அவரைத் திட்டில் பார்த்தார்கள். வாய் நிறைய மணல் இருந்ததாம். ஈரம் கிடைக்குமென்று தோண்டித் தோண்டிச் சப்பியிருக்கிறார்.

முதலாளி எழுதிக்கொடுத்தது வேறு. குடித்துவிட்டுத் தடுமாறிக் கடலில் விழுந்தான், தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார். கூடப் போன ஆட்களும் பிழைப்புக்குப் பயந்து அதையே சொல்ல, விழுந்தவன் நீந்தித் திட்டில் ஒதுங்கியிருப்பான் என்று ஊரும் நம்பியது. அக்கா அவர் வீட்டுவரை போனார். காரில் ஏறப்போன முதலாளி நின்றுகூடப் பேசவில்லை. “புருஷனைக் குடிக்காம வச்சிருந்திருக்கணும்” என்றாராம். இரண்டு வருஷம் கழித்து, சாகக் கிடந்த தண்டல் ஆளனுப்பி அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அதுவரை குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சை அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பங்குனி மாதத்துக் காலையை என்னால் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கடல் குளம் மாதிரி கிடந்தது. வெள்ளை வர்ணம் அடித்த லாஞ்சு ஒன்று வந்து தூரத்தில் நங்கூரம் போட்டது. எங்கள் கரையில் ஆழம் கிடையாது. வத்தைகள் போய் ஆட்களை ஏற்றி வந்தன. ஏழு பேர். ஆண்கள் நாலு, பெண்கள் மூன்று. குடை, பிளாஸ்க், மடக்கு நாற்காலி, கிராமபோன் பெட்டி. ராமேசுவரம்வரை பத்து நாள் உல்லாசப் பயணமாம். நாளுக்கு ஒரு துறைமுகத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிப் போகிறார்களாம். அன்றைக்கு எங்கள் ஊர்.

லாஞ்சின் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. படித்த ஆள் வேறு யாரும் இல்லாததால் ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. சுற்றிக் காட்ட ஒரு தெருவும் ஒரு டீக்கடையும் மீன் காயும் மணலும்தான் இருந்தன. பெண்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். ஒருவர் கருவாடு காயவைக்கும் பெண்களைப் படம் எடுத்தார். பட்டு ஜிப்பா போட்ட பெரியவர் கைத்தடியால் ஒரு திருக்கை மீனைக் குத்திப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“இதுக்குப் பேர் துறைமுகமாய்யா? நாய்கூட எறங்காது.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா பத்தடி தூரத்தில் நின்றார். அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

“லாஞ்சு காயிதத்துல ஓனரு பேரு என்ன தம்பி போட்டிருக்கு?”

சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. கரையில் பலமுறை கேட்ட, அந்தத் தோணி முதலாளியின் பெயர் அது. அக்கா தலையாட்டினார். வீட்டுக்குப் போய்த் தலையை அள்ளி முடிந்துகொண்டு திரும்பி வந்தார். காறித் துப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். துப்பட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவரோ பட்டு ஜிப்பா போட்ட அந்த முதலாளி முன்னால் போய்க் கும்பிட்டார். முதலாளிக்கு அடையாளம் தெரியவில்லை.

“இந்த ஊர்ல பார்க்க என்னம்மா இருக்கு?”

“பார்க்க ஒண்ணுமில்லீங்கய்யா. எடுக்கத்தான் இருக்கு.”

“எடுக்கவா? என்ன?”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “அந்தா தெரியுதுல்ல வெள்ளைக் கோடு, அந்தத் திட்டுல சங்கு கெடக்கு. போன மாசம் ஒண்ணு பார்த்தேன், வாய் வலப்பக்கமா இருந்துச்சு. எடுக்கப் பயந்துக்கிட்டு மணலைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன். அதெல்லாம் எங்க வீட்டுல வைக்கிற பொருளாங்கய்யா?”

வலம்புரிச் சங்கு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? முதலாளியின் முகம் மாறியது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“கூட்டமாப் போனா சங்கு மறைஞ்சுக்கும்பாங்க” என்றார் அக்கா.

முதலாளி நண்பர்களிடம் போய்த் தலை வலிக்கிறது, லாஞ்சில் போய்ப் படுத்துக்கொள்கிறேன், நீங்கள் தோப்பில் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வாருங்கள் என்றார். அதை நானே கேட்டேன். ஒன்பது மணிக்கு அக்காவின் வத்தை கிளம்பியது. லாஞ்சு பக்கம் போவதுபோல் போய், அதைச் சுற்றிக்கொண்டு திட்டுப் பக்கம் திரும்பியது. பத்தரை மணிக்கு அக்கா தனியாகத் திரும்பி வந்தார். முதலாளியின் குடை வத்தையில் கிடந்தது.

“அவரு எங்கக்கா?”

“சங்கு தேடுறாரு.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. விருந்தாளிகளைத் தென்னந்தோப்பில் உட்காரவைத்தேன். இளநீர் வெட்டச் சொன்னேன். கிராமபோன் பாடியது. சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், பாயில் சாய்ந்து தூங்கினார்கள். தோப்புக்கு வெளியே மணல் கொதித்தது. நான் ஒரு வாய் இளநீர் குடித்தேன். மீதியை மணலில் ஊற்றினேன்.

இரண்டு மணிக்கு அக்கா ஆபீஸுக்கு வந்தார்.

“எழுதுற காயிதமும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாங்க தம்பி. ஒருத்தரு வாக்குமூலம் குடுக்கணும்.”

வத்தையில் ஒரு மண்கலயத்தில் தண்ணீர் இருந்தது. மேலே சிரட்டை கவிழ்த்திருந்தார். போகும்போது நான்தான் ஏதேதோ சொன்னேன். சட்டம் இருக்கிறது என்றேன், விஷயம் தெரிந்தால் நமக்குத்தான் ஆபத்து என்றேன். அவர் கம்பை ஊன்றுவதும் எடுப்பதுமாகவே இருந்தார்.

திட்டின் நடுவில் முதலாளி நின்றார். ஜிப்பாவைக் கழற்றித் தலையில் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் தண்ணீர் ஓரம்வரை ஓடி வந்தார். திட்டின் அந்தப் பக்கத்தில் தரை சரேலென்று ஆழமாக இறங்கும். அவருக்கு நீச்சல் தெரியாது. அக்கா ஒரு கம்பு தூரத்தில் வத்தையை நிறுத்தினார்.

“எங்கடி போய்த் தொலைஞ்சே? அறிவிருக்கா ஒனக்கு? தண்ணி கொண்டா!”

“தண்ணி இருக்குங்கய்யா. ஒரு பேரு சொல்லுங்க, தாரேன்.”

“என்ன பேரு?”

“இந்தத் திட்டுல நீங்க விட்டுட்டுப் போன ஆளோட பேரு.”

முதலாளி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

“அந்தக் குடிகாரப் பயலா…”

“பேரு.”

“மாரியப்பன்.”

“இல்ல.”

“காளிமுத்து… காளிமுத்துதானே?”

“இல்ல.”

“கறுப்பையா. சண்முகம். ராமு.” நாக்கு ஒட்டிக்கொண்டு குரல் சரியாக வரவில்லை. அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி சொன்னார். கடைசியில் முதலாளி மணலில் உட்கார்ந்து கத்தினார்:

“எங்கிட்ட எத்தனையோ பேரு வேலை பார்த்தான்! ஒரு கூலிக்காரன் பேரை எவன்டி ஞாபகம் வச்சிருப்பான்?”

அதுவரை எனக்கு அந்த மனிதன் மேல் இரக்கம் இருந்தது. வெயிலில் அவர் தோள் சிவந்து கிடந்ததைப் பார்த்து, போதும் அக்கா என்று சொல்ல வாயெடுத்திருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகு சொல்லவில்லை.

அக்கா கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார்.

“நாகலிங்கம்” என்றார் அக்கா. “கழுத்துல தாலி ஏறுன நாள்லருந்து நான் சொன்னதில்ல. இப்பச் சொல்றேன். நாகலிங்கம். நீங்க சொல்லுங்க.”

முதலாளி சொன்னார். அக்கா மறுபடி சொல்லச் சொன்னார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. குரல் கம்மி வெறும் காற்றாக வரும்வரை சொல்லவைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, “எழுதுங்க தம்பி” என்றார்.

நான் மடியில் அட்டையை வைத்து, முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன். தோணி தட்டியதையும், தள்ள இறங்கச் சொன்னதையும், தண்டல் திருப்பச் சொன்னதையும், தான் மறுத்ததையும் அவர் சொன்னார். நாகலிங்கம் குடித்திருக்கவில்லை என்றும் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

“‘அவனை விட்டுட்டு’ன்னு வருதே. ‘அவரை’ன்னு போடுங்க.”

அடித்துவிட்டு ‘அவரை’ என்று எழுதினேன். அக்கா காகிதத்தையும் பேனாவையும் வத்தையில் கிடந்த ஓலைப்பெட்டியின் மூடியில் வைத்துக் கம்பு முனையில் நீட்டினார். முதலாளி கையெழுத்துப் போட்டார். அது திரும்பி வந்த பிறகு கலயத்தைக் கயிற்றில் கட்டி நீட்டினார். அந்த மனிதர் குடித்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அவர் எழுந்து, ஏறுவதற்குக் கையை நீட்டினார். அக்கா கம்பை ஊன்றி வத்தையைத் திருப்பினார்.

“அக்கா! ஏத்திக்கலையா?”

“எழுதுனா தண்ணி தாரேன்னேன். தந்தாச்சு. ஏத்திக்கிறேன்னு நான் எப்பச் சொன்னேன்?”

பின்னால் முதலாளி கெஞ்சுவது கேட்டது. அம்மா என்றார், தாயே என்றார். நாகலிங்கம் என்றுகூடக் கூப்பிட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “ஒங்களுக்கு உத்தியோகம் இருக்கு. போய்ச் சொல்றதுன்னா சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன், மனசுலயும் வச்சுக்க மாட்டேன்.” பிறகு மணலில் குத்துக்காலிட்டு, திட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

தோப்பு இருநூறு கஜ தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடத்தைவிட்டு எழவே இல்லை. வெயிலில் திட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி நடப்பதும் விழுவதும் தெரிந்தது. பயத்தால் உட்கார்ந்திருந்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். அந்தப் புள்ளி விழும்போதெல்லாம் எனக்கு நன்றாக இருந்தது.

ஐந்து மணிக்குமேல் விருந்தாளிகள் லாஞ்சுக்குப் போய், ஆளைக் காணாமல் அலறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கேமரா வைத்திருந்தவரின் மனைவி, காலையில் என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள், அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். “எங்கேயாவது பார்த்தீங்களா சார்?” என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆபீஸ் தூரக்கண்ணாடியில் திட்டில் ஆள் தெரிகிறது என்றேன்.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, முகம் கொப்பளித்து, கண் திறக்க முடியாமல் கிடந்தார். சங்கு பொறுக்கப் போனதாகவும் வத்தை அடித்துக்கொண்டு போய்விட்டதாகவும் அவரே சொன்னார். கையெழுத்துப் போட்ட காகிதம் கரையில் இருப்பது அவருக்குத் தெரியும். லாஞ்சுக்கு ஏற்றும்போது அக்கா கூட்டத்தின் முன்வரிசையில்தான் நின்றார். முதலாளி அவரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

காகிதத்தை நகல் எடுத்து மேலே அனுப்பினேன். பயமுறுத்தி எழுதி வாங்கியது என்றார்கள், எட்டு வருஷம் கடந்த விஷயம் என்றார்கள். ஆறு மாதத்தில் எனக்கு மாற்றல் உத்தரவுதான் வந்தது. அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. அசல் காகிதத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்தார். தெற்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல். வடக்கே மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம். ஒவ்வொரு ஊரிலும் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, தோணி ஆட்கள் கூடுமிடத்தில் உரக்கப் படிக்கச் சொன்னார். முடிந்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வாராம்: “இவரு தோணியில ஏறுறவங்க இதைக் கேட்டுட்டு ஏறட்டும்.”

ஒருவரும் ஏறவில்லை. தண்டல் கிடைக்கவில்லை, பாய் இழுக்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்து பலகை பிளந்த நாலு தோணிகளையும் விறகுக்குப் பிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்றைக்கும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஏழெட்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. புதுக்கோட்டையில் வேலையாக இருந்தபோது முதலாளி இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அதே மணலில் குனிந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

“வாங்க தம்பி. மெலிஞ்சு போய்ட்டீங்களே. பொண்டாட்டி சோறு போடுறாளா இல்லையா?”

சேதியைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“எப்படிச் செத்தாரு?”

“வயசாயிருச்சுக்கா. படுக்கையிலதான்.”

“பக்கத்துல ஆளு இருந்துச்சா?”

“புள்ளைங்க, பேரப் புள்ளைங்க எல்லாம் இருந்தாங்கன்னு போட்டிருக்கு.”

“பால் ஊத்துனாங்களா?”

எனக்கு முதலில் புரியவில்லை. உயிர் பிரியும்போது வாயில் ஊற்றுவார்களே, அந்தப் பாலைக் கேட்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்கு அது வராது.

“ஊத்தியிருப்பாங்கக்கா. எல்லாரும் இருந்தாங்கள்ல.”

அக்காவின் கை நின்றது. நிமிர்ந்தபோது நல்ல கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“அன்னிக்கி அந்தக் கலயத்தை நான் நீட்டியிருக்கக் கூடாது தம்பி” என்றார்.